நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம்

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நிலவையும் அவளையும் பற்றி இந்த மலருக்கு எப்படியும் பதினைந்து பேர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். (அதில் பாதி மெக்கானிக்கல்!) எனவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நம்ம விடுதி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு இரும்புக் கம்பத்தின் உச்சியில் வெள்ளையாக ஒரு பெட்டி இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முதலாம் ஆண்டுத் தம்பிகள் பலர் அதைக் கேமரா என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு லுங்கியோடு வரவே பயப்படுகிறார்களாம். பயப்படாதீர்கள் தம்பிகளா. அது கேமரா இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிக் கட்டடத்தையும் இந்தப் பக்கம் இருக்கும் விடுதியையும் சேர்க்கிற பாலத்தின் ஒரு கரை அது. வயர்லெஸ் பிரிட்ஜ் என்பார்கள். மறு கரை கல்லூரி மெயின் பிளாக் மாடியில் இருக்கிறது. அதை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அது வருவதற்கு முன்னால் நாம் பட்ட பாட்டைச் சீனியர்கள் அறிவார்கள். கல்லூரியில் 200 மெகாபிட் இணைப்பு சும்மா கிடக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு லேப் பூட்டியதும் அது யாருக்கும் இல்லை. விடுதியிலோ செல்போன் சிக்னல் தொட்டிக்கு மேல் ஏறி நின்றால்தான் வரும். விண்ணப்பம் போடுகிறவன் கீழே, ஓ.டி.பி. பார்க்கிறவன் மேலே, நடுவில் மாடிப்படியில் ஒருவன் நின்று எண்ணைக் கத்துவான். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் செட்டில் ஒருவனுடைய உதவித்தொகை விண்ணப்பம் கடைசி நாள் ராத்திரி போகாமலே நின்றுவிட்டது. அந்தப் பணம் அவன் வீட்டுக்கு என்ன என்பது அவன் அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கத்தலைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு மாணவர் பேரவை தன் நிதியில் 24,000 ரூபாய் ஒதுக்கியது. எங்கள் துறைத் தலைவர் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். "மூணு கொட்டேஷன் வாங்குங்க. எது வாங்கணும், ஏன் வாங்கணும்னு நீங்களே எழுதிக் கொடுங்க. தமிழ்லயே எழுதுங்க, கமிட்டிக்குப் புரியணும்" என்றார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

இதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆபீசுக்குக் காகிதம் போனால் அது மனுவாகத்தான் இருக்கும். அதையும் தாலுகா ஆபீஸ் வாசலில் வேறு யாராவது காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவார்கள். கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குக் கீழே அப்பா கையெழுத்துப் போடுவார். இப்போது நான் எழுத வேண்டியது மனு இல்லை. 'இதை வாங்குங்கள், அதை வாங்காதீர்கள்' என்று பிரின்சிபாலுக்குச் சொல்லும் கருத்து! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வயரே போட்டுவிட்டால் என்ன? லேபில் இருக்கிற சாதாரண செம்புக் கேபிள் 100 மீட்டர் வரைக்கும்தான். நமக்குத் தேவை 280 மீட்டர். தவிர, தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களைச் செம்பால் கட்டினால் இடி விழும் நாளில் வம்பு வீடு தேடி வரும். ஃபைபர் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. ஃபைபருக்கு நிகர் எதுவும் இல்லை என்று என் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதினேன். ஆனால் நடுவில் ஓடுவது நம்ம ரோடு இல்லை, நெடுஞ்சாலை. அதை வெட்ட அனுமதி வேண்டும், வெட்டினதை மூடப் பணம் வேண்டும். 24,000 ரூபாயில் அது நடக்காது. கம்பம் நட்டு மேலே இழுக்கலாமே என்றான் ஒருவன். அறுப்புக் காலத்தில் இந்த ரோட்டில் போகும் வைக்கோல் லாரிகளை அவன் பார்த்ததில்லை போலும். ஆக, ரேடியோதான்.

ரேடியோவால் கல்விக்கூடங்களை இணைப்பது புதிய சங்கதி ஒன்றும் இல்லை. கடலால் பிரிந்து கிடந்த ஹவாய்த் தீவுகளில் இருந்த பல்கலைக்கழக வளாகங்களை ஒரே கம்ப்யூட்டரோடு இணைக்க, நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் தலைமையில் 1971-ல் 'அலோஹாநெட்' ஓட ஆரம்பித்தது. வேகம் நொடிக்கு 9,600 பிட்! இன்று ஒரு போட்டோ அனுப்பினால் வந்து சேர்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் அவர்களுக்கு நடுவில் கடல் இருந்தது. நமக்கு நடுவில் வெறும் ரோடுதானே என்று தைரியம் வந்தது. லைசென்ஸ் தொல்லையும் இல்லை. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும் பகுதியை 2018-லும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்துவிட்டார்கள். எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்ற வரம்பு மட்டும் உண்டு.

மூன்று கொட்டேஷன்கள் வந்தன. முதலாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜோடி, 300 மெகாபிட், 7,400 ரூபாய். இரண்டாவது 5 கிகாஹெர்ட்ஸில் பெரிய டிஷ் ஜோடி, 23 டெசிபல் ஆன்டெனா, 19,000 ரூபாய். மூன்றாவதும் 5 கிகாஹெர்ட்ஸ்தான், சிறிய பெட்டி, 13 டெசிபல் ஆன்டெனா, 13,500 ரூபாய்.

நண்பர்களே, இந்தச் சாமான்களின் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் இருக்கிறதே, அது கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடுகிற படிப்பு மாதிரி. விசாரிக்காமல் பெண் கொடுக்கக் கூடாது. ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசும், பேசிவிட்டுத்தான் கேட்கும். ஆகவே அட்டையில் உள்ளதில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்பட வேண்டும். இன்னொரு சூட்சுமம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. முதல் கொட்டேஷன் பெட்டியின் ரேடியோ 300 மெகாபிட். ஆனால் கேபிள் செருகும் ஓட்டை 100 மெகாபிட்! வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, மடை அவ்வளவுதானே. மற்ற இரண்டிலும் ஓட்டை 1,000 மெகாபிட். கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த ஓட்டையைப் பற்றித்தான். விற்கிறவர் தானாகச் சொல்ல மாட்டார்.

2.4 மேல் எனக்கு இன்னொரு புகாரும் இருந்தது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு ராத்திரி விடுதி மாடியில் நின்று போனில் ஸ்கேன் செய்தேன். 31 பெயர்கள் வந்தன! பக்கத்துக் கடைகள், வீடுகள், நம்ம பசங்களின் ஹாட்ஸ்பாட்... 'அப்பா சத்தியமா பாஸ்வேர்டு இல்ல' என்றுகூட ஒரு பெயர். அந்தச் சந்தைக்குள் நாமும் போய்க் கத்த வேண்டுமா?

ஆனால் அந்த கொட்டேஷன் கொடுத்தவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "தம்பி, நடுவுல மரம் இருக்கு. 2.4 இலையைக் கொஞ்சம் தாங்கும். 5 தாங்காது. யோசிச்சுக்கங்க." அது உண்மை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

மரம் என்றால் பஸ் ஸ்டாப்புக்கு நிழல் தரும் நம்ம தூங்குமூஞ்சி மரம்தான். சாயங்காலம் ஆனால் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். (மத்தியானம் முதல் பீரியடில் நாம் செய்வதை அது முறைப்படி ராத்திரி செய்கிறது.) நாங்கள் மாடி ஏறிப் பார்த்தது 2024 மார்ச் முதல் வாரம். அப்போது மரம் மொட்டையாக நின்றது. குச்சி குச்சியாகக் கிளைகள், அவற்றின் ஊடே மெயின் பிளாக் ஜன்னல்கூடத் தெரிந்தது. டிஷ் விற்க வந்தவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "லைன் ஆஃப் சைட் கிளியரா இருக்கு தம்பி. அப்படியே கைப்பிடிச் சுவர்ல மாட்டிடலாம். பெரிய டிஷ், அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார். என் கூட வந்தவர்களும் "சரிதானே" என்றார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் அம்மா ஆடு மேய்க்கிறவர். தூங்குமூஞ்சிக் காய் என்றால் ஆடுகளுக்கு உயிர். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை மரங்களில் எது எப்போது உதிரும் என்பது அம்மாவுக்கு அத்துப்படி. அன்று ராத்திரி போன் போட்டேன்.

"ஏம்மா, தூங்குமூஞ்சி மரம் இப்ப மொட்டையா நிக்குது. எப்பம்மா தழைக்கும்?"

"ஏய்யா, உனக்கு எதுக்கு அது? படிக்கிற வேலைய விட்டுட்டு ஆடு கீடு வாங்கப் போறியா?"

"சொல்லும்மா."

"மாசியில கொட்டும், பங்குனி கடைசியில துளிர்விட்டுரும். சித்திரையில பாரு, குடை விரிச்சாப்பல நிக்கும். மழை பேஞ்சா இலை கனத்துக் கொப்பு தணிஞ்சு வரும். ஐப்பசி மழையில அதுக்குக் கீழ நின்னா வானமே தெரியாது."

"ஒரு கொப்ப வெட்டிவிட்டா?"

"வெட்டுன எடத்துல ரெண்டா வரும். அது அப்படித்தான். வேணாம்யா, நிழல் மரம்."

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் சிவில் பசங்களிடம் கெஞ்சிக் கூத்தாடி தியோடலைட்டை மாடிக்குத் தூக்கி வந்தோம். (அவர்களுக்கும் அது ஒரு பிராக்டிகல் ஆயிற்று. டீ செலவு எங்களுடையது.) மெயின் பிளாக் மாடி தரையிலிருந்து 11 மீட்டர், விடுதி மாடி 8 மீட்டர். மரம் ஏறத்தாழ நடுவில். நம் பாதையில் வரும் பக்கத்து உச்சிக் கொப்பு 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இங்கேதான் ஃப்ரெனல் வருகிறார். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்து மறந்தோமே, அதே ஃப்ரெனல்! ரேடியோ அலை இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. இரண்டு முனையும் மெலிந்து நடு பருத்த வெள்ளரிக்காய் மாதிரி ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற நேர்கோடு அதன் நடு நரம்பு மட்டுமே. 280 மீட்டர் தூரத்தில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் 1.9 மீட்டர். 2.4-ல் 2.9 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது 5.8-க்கு நேர்கோட்டின் கீழே 1.1 மீட்டரும், 2.4-க்கு 1.8 மீட்டரும் காலியாக இருக்க வேண்டும். 2.4 இலையைக் கொஞ்சம் தாங்கும் என்பது சரி. ஆனால் அதன் வயிறு பெரிது, மரத்தில் இடிக்கும்.

கைப்பிடிச் சுவரில் மாட்டினால் நடுவில் நம் கோடு போகும் உயரம் ஏறத்தாழ 10 மீட்டர். நேராகக் கொப்புக்குள்ளே! பங்குனி வரைக்கும் குச்சிகளின் சந்தில் ஓடும். சித்திரையில் தடுமாறும். ஐப்பசியில் நனைந்த இலைக்குள் மூச்சுத் திணறிப் படுத்துவிடும். எவ்வளவு பெரிய டிஷ் போட்டாலும் இலைகள் குடித்தது போகத்தான் மிச்சம். இரண்டு பக்கமும் தளத்திலிருந்து மூன்று மீட்டர் கம்பம் நட்டால் கோடு நடுவில் 12.5 மீட்டரில் போகும். 1.1 கழித்தாலும் 11.4. மரம் ஒரு மீட்டர் வளர்ந்தாலும் கவலை இல்லை.

அப்படியானால் பணம் கம்பத்துக்கு வேண்டும். அதற்கு டிஷ் வேண்டாம். ஆனால் சின்ன ஆன்டெனா போதுமா? ஒரு முழு ராத்திரி இதே கணக்குதான். வெட்டவெளியில் 280 மீட்டர் போவதற்குள் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை இழப்பது 97 டெசிபல். அனுப்பும் சக்தி 20 டி.பி.எம்., இரண்டு ஆன்டெனாவும் சேர்ந்து 26. ஆக, வந்து சேர்வது மைனஸ் 51. மைனஸ் 60-ஐ ஒட்டி இருந்தாலே நன்றாக ஓடும். டிஷ் போட்டால் மைனஸ் 31 வரும். காதுக்குள் வந்து கத்துவது மாதிரி. பிறகு சக்தியைக் குறைத்து வைக்க வேண்டும். எதற்காக அதிகம் 5,500 ரூபாய்? மேலும் டிஷ்ஷின் பார்வை குறுகலானது. கம்பத்தில் வைத்தால் ஆடிக் காற்றில் ஆடும். சின்னப் பெட்டி அகலமாகப் பார்க்கும். கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்ளும்.

இதைப் படிக்கும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் தேனி மாவட்டத்திலேயே 2000-களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனையையும் கிராமக் கண் மையங்களையும் இதே வைஃபை ரேடியோவால் இணைத்திருக்கிறார்கள்! 15 கிலோமீட்டர் வரைக்கும்! கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே டாக்டர் பார்த்துப் பேசுவாராம். அமெரிக்காவில் பெர்க்லியிலிருந்து எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரின் குழு வந்து, ஆஸ்பத்திரியோடு சேர்ந்து செய்தது. நான் வளர்ந்த ஊர்ப் பக்கம் வானத்தில் அப்படி ஒன்று ஓடியிருக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை! அந்தக் குழு 2008-ல் எழுதிய கட்டுரையில், பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ரேடியோ அல்ல, மோசமான மின்சாரம் என்று இருந்தது. வோல்டேஜ் எகிறிப் போர்டுகள் செத்திருக்கின்றன.

நம்ம விடுதியில் சாயங்காலம் தண்ணி மோட்டார் போட்டால் டியூப் லைட் கண்ணடிக்கும். எனவே மிச்சப் பணத்தை அங்கே போட்டேன். இரண்டு பக்கமும் சர்ஜ் அரெஸ்டர், எர்த் கம்பி, சின்ன யு.பி.எஸ். இன்னொன்றும் எழுதினேன்: பெட்டியோடு வரும் பவர் அடாப்டர் 24 வோல்ட் ரகம், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கண்ட கண்ட 48 வோல்ட் அடாப்டரை எடுத்துச் செருகினால் புகை வரும்.

மொத்தக் கணக்கு: பெட்டிகள் 13,500, பைப்பும் கிளாம்ப்பும் 3,200, சர்ஜ் அரெஸ்டரும் எர்த்தும் 2,400, யு.பி.எஸ். 2,800, வெளிப்புறக் கேபிள் 1,600. கூட்டினால் 23,500.

கமிட்டியில் ஸ்டோர் கீப்பர் சார் விடவில்லை. "விலை கம்மி எதுவோ அதைத்தான் எடுக்கணும். 7,400 இருக்கும்போது 13,500-க்கு எப்படிப் போறது? ஆடிட்ல நான்ல பதில் சொல்லணும்?" அவர் கேட்டதில் தப்பில்லை, அவர் வேலை அது. பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். நின்றுகொண்டு சொன்னேன், கால் நடுங்கியது. கேபிள் ஓட்டையைச் சொன்னேன், 31 பெயர்களைச் சொன்னேன் (அப்பா சத்தியத்தைத் தவிர்த்துவிட்டேன்), வெள்ளரிக்காயைப் போர்டில் வரைந்தேன்.

"அந்தக் கொப்பை வெட்டிட்டா கம்பமே வேண்டாமேப்பா?" என்றார் பிரின்சிபால்.

"சார், அது ரோட்டு மரம், நம்மது இல்லை. வெட்டினாலும் ரெண்டா தழைச்சு வரும் சார். ஐப்பசி மழைக்குக் கீழேயும் தணியும்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எங்க அம்மா சொன்னாங்க சார். ஆடு மேய்க்கிறவங்க."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஸ்டோர் கீப்பர் சார்தான் சொன்னார்: "தூங்குமூஞ்சி அப்படித்தான் சார். எங்க தோட்டத்துலயும் ஒண்ணு நிக்குது." பிரின்சிபால் என் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் 'தொழில்நுட்பக் காரணங்கள் ஏற்கப்பட்டன' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் இன்றும் ஸ்டோர் ஃபைலில் இருக்கிறது. ஜெராக்ஸ் ஒன்று ஊரில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பட்டாவோடு இருக்கிறது.

கம்பங்களை மெக்கானிக்கல் பசங்கள் ஒர்க்ஷாப்பில் வெல்டு செய்து கொடுத்தார்கள். (கவிதை பற்றி மேலே சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.) 2024 ஜூலையில் மாட்டினோம். ஒருவன் விடுதி மாடியில் பெட்டியை இம்மி இம்மியாகத் திருப்ப, நான் மெயின் பிளாக்கில் லேப்டாப்பைப் பார்த்துப் போனில் எண் சொல்ல, மைனஸ் 71, 66, 60... மைனஸ் 54-ல் நிறுத்தி நட்டை இறுக்கினோம். கணக்கில் வந்தது 51. மூன்று டெசிபல் வித்தியாசத்துக்கு யாரும் என்னை ஃபெயில் ஆக்க முடியாது. அன்று சாயங்காலம் விடுதியில் 180 மெகாபிட்டுக்கு மேல் வந்தது.

ஐப்பசி வந்தது. அம்மா சொன்னபடியே மரம் கறுத்துத் தழைத்து நின்றது. மூன்று நாள் அடைமழையில் நான் மாடிக்குப் போய்ப் பார்த்த எண் மைனஸ் 55. அதே மழையில் ஒரு ராத்திரி இடி இடித்துத் தண்ணி மோட்டார் ஸ்டார்ட்டரும் நாலு டியூப் லைட்டும் போயின. விடுதிப் பக்கத்து சர்ஜ் அரெஸ்டர் கருகிச் செத்தது; பெட்டி பிழைத்தது. புது அரெஸ்டர் வாங்கி மாட்டியாகிவிட்டது. இந்த வருஷம் உதவித்தொகை விண்ணப்பங்களை எல்லோரும் அறையில் உட்கார்ந்தே போட்டார்கள். மாடிப்படியில் எண் கத்துகிற உத்தியோகம் ஒழிந்தது.

அடுத்து ஒர்க்ஷாப்பை இணைக்க வேண்டும் என்று பேரவையில் பேச்சு அடிபடுகிறது. நான் மூன்றாம் ஆண்டு முடித்துப் போய்விடுவேன். ஜூனியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங்கே இன்னொரு வெள்ளைப் பெட்டி வாங்காதீர்கள். மெயின் பிளாக்குக்கும் ஒர்க்ஷாப்புக்கும் நடுவில் இருப்பது நம்ம கிரவுண்டுதான். வாலிபால் கோர்ட் ஓரமாகக் குழி வெட்டி ஃபைபரே போடலாம், சிவில் பசங்கள் சம்மதித்துவிட்டார்கள்.

மாடிக் கம்பத்தின் கிளாம்ப் நட்டுகளைப் புரட்டாசிக்குள் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர். வார்டன் அறையில், சாவி மாட்டுகிற ஆணியில் தொங்குகிறது.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்